நீலகிரி மலைப்பாதையில் சைக்கிள்: மழைக்கும் குளிருக்கும் என்ன உடுத்துவது?

கேள்வி: நவம்பர் கடைசியில் நண்பர்கள் நான்கு பேர் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஊட்டிக்குச் சைக்கிளில் ஏறி, மறுநாள் குன்னூர் வழியாக இறங்கப் போகிறோம். மழை இருக்கும் என்கிறார்கள். நல்ல ரெயின்கோட் ஒன்று சொல்லுங்கள். ஏழாயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம்.

பதில்:

தம்பி, ரெயின்கோட்டுக்கு வருகிறேன், ஆனால் கடைசியில்தான் வருவேன். ஏழாயிரத்தையும் ஒரே கோட்டில் போட்டுவிட்டு உள்ளே வழக்கமான பருத்தி பனியனோடு கிளம்பினால், அந்தக் கோட்டால் உங்களுக்குப் பெரிய பயன் இருக்காது. மலையில் சைக்கிள்காரனை முதலில் நனைப்பது அவனுடைய சொந்த வியர்வை. நனையாமல் ஊட்டி போய்ச் சேர வழியே கிடையாது. நனைந்த பிறகும் குளிர் ஏறாமல் இருப்பது எப்படி என்று யோசித்தால், எதை வாங்குவது, எதை விடுவது என்பது தானாகத் தெளிந்துவிடும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால் கீழே 24 டிகிரி இருக்கும் காலையில் மேலே 12 டிகிரிதான். மேகம் இறங்கிக் காற்றும் சேர்ந்தால் அதைவிடக் குறைவாகவே தோன்றும். இந்த வித்தியாசத்தை எல்லோரும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். நம் உடம்பிலேயே நடக்கும் மாற்றம் இதைவிடப் பெரியது, அதைத்தான் மறந்துவிடுகிறார்கள். மிதிக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தியில் கால்வாசிக்கும் குறைவுதான் பெடலுக்குப் போகிறது. மீதி முழுவதும் சூடு. பெடலில் 150 வாட் கொடுத்தால் உடம்புக்குள் 450 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கிறது. அதனால்தான் கோத்தகிரி சாலையில் குஞ்சப்பனை தாண்டி ஏறும்போது 18 டிகிரியில்கூடச் சட்டையைக் கழற்றி எறியலாம் போல இருக்கும்.

இறங்கும்போது நிலைமை தலைகீழ். கால் சும்மா இருக்கிறது, அடுப்பு அணைந்துவிட்டது, நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 10 டிகிரிக் காற்று உலர்ந்த முகத்துக்கே 6 டிகிரி போல உறைக்கும். ஈர உடம்புக்கு இன்னும் மோசம். அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், ஆவியாகும் ஈரம் வேறு சூட்டைப் பிடுங்கிக்கொண்டு போகும். ஆகவே ஏறுவதற்கு ஒரு உடுப்பு, இறங்குவதற்கு ஒரு உடுப்பு என்று இரண்டாகப் பிரித்து யோசியுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம், கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். கெட்டியான பருத்தி டி-ஷர்ட், அதன்மேல் மோட்டார் பைக் ஓட்டுபவர்கள் போடும் ரெக்சின் மழைக்கோட்டு. மழை பெரிதாக இல்லை, தூறல்தான். ஆனால் ஏறும்போது கோட்டுக்குள்ளேயே வியர்வையில் ஊறிப்போயிருந்தேன். வழியில் அரவேனு என்ற ஊர் வருவதற்குள் விரல் மடங்கவில்லை. பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று மனம் சொல்கிறது, கை கேட்கவில்லை. ஒரு வளைவில் எதிரே பஸ் வந்தது. உள்ளங்கையால் லீவரை அழுத்தி எப்படியோ நிறுத்தினேன். அங்கிருந்த டீக்கடைக்காரர் அடுப்பருகே உட்காரவைத்து, தன் ஸ்வெட்டரைக் கொடுத்து, இரண்டு டீ குடிக்க வைத்துத்தான் அனுப்பினார். டம்ளரைப் பிடிக்கவே பத்து நிமிடம் ஆனது. அன்றிலிருந்து உள் பனியனிலும் கையுறையிலும் நான் சமரசம் செய்துகொள்வதில்லை.

முதலில் உள் பனியன். பருத்தி தண்ணீரைக் குடித்துத் தனக்குள் வைத்துக்கொள்ளும், விடவே விடாது. கோவை வெயிலில் அது வரம், மலைக் குளிரில் அதுவே ஆபத்து. பாலியஸ்டர் நூல் ஈரத்தைத் தனக்குள் ஏற்றுக்கொள்வதில்லை. இழைகளுக்கு நடுவில் நிற்கும் தண்ணீர் துணியின்மேல் பரவி, உடம்புச் சூட்டிலேயே சீக்கிரம் உலர்ந்துவிடும். திருப்பூரில் செய்யும் ‘டிரை ஃபிட்’ டி-ஷர்ட் இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே, அதில் மெல்லியதாக, உடம்போடு ஒட்டி நிற்கும் அளவாக இரண்டு வாங்குங்கள். லூசாக இருந்தால் வியர்வையை எடுக்காது. இதைவிட நல்லது மெரினோ கம்பளி. தன் எடையில் கால்பங்குக்கும் மேல் ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது, இரண்டு நாள் போட்டாலும் நாற்றம் வராது. விலைதான் அதிகம், உலர நேரமும் எடுக்கும். முதல் பயணத்துக்குப் பாலியஸ்டர் போதும்.

அதன்மேல் வழக்கமான சைக்கிள் ஜெர்சி. முன்பக்கம் முழு நீளத்துக்கு ஜிப் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மலையில் ஜிப்தான் உங்கள் ஃபேன் ரெகுலேட்டர். ஏறும்போது திறப்பது, காற்றடிக்கும் திருப்பத்தில் மூடுவது என்று ஓட்டிக்கொண்டே செய்யலாம். முழுக்கைக் கம்பளி ஸ்வெட்டர் போட்டால் இந்த வசதி போய்விடும். அதற்குப் பதில் ஆர்ம் வார்மர், அதாவது கையில் மட்டும் மாட்டும் உறை, ஒரு ஜோடி போதும். சூடு ஏறினால் மணிக்கட்டுக்குத் தள்ளிவிடலாம், நிறுத்தவே வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து கொடுத்த காசுக்கு இவ்வளவு உழைக்கும் உடுப்பு வேறில்லை.

அடுத்தது விண்ட்சீட்டர். உள்ளங்கைக்குள் மடங்கும் மெல்லிய நைலான். மழையை முழுதாகத் தடுக்காது, காற்றை மட்டும் நிறுத்தும். குளிரில் பாதி வேலை அதுதான். நனைந்த ஜெர்சிக்கும் விண்ட்சீட்டருக்கும் நடுவில் கொஞ்சம் காற்று சிக்கிக்கொண்டாலே உடம்பு தாங்கிவிடும். மறந்து வந்துவிட்டால் டீக்கடையில் பழைய செய்தித்தாள் கேட்டு வாங்கி, நான்காக மடித்து நெஞ்சுக்கும் ஜெர்சிக்கும் நடுவில் செருகுங்கள். ஐரோப்பாவில் மலைப் பந்தயக்காரர்கள் உச்சியில் தினசரித் தாளை வாங்கி இப்படித்தான் செருகிக்கொண்டு இறங்குவார்கள்.

ஐரோப்பா என்றதும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லத் தோன்றுகிறது. 1988 ஜூன் 5 அன்று இத்தாலியின் ஜிரோ டி இத்தாலியா என்ற பல நாள் சைக்கிள் பந்தயம் காவியா கணவாயைக் கடந்தது. உயரம் சுமார் 2,620 மீட்டர், நம் தொட்டபெட்டா 2,637. ஜூன் மாதத்தில் பனி கொட்டியது. ஆண்டி ஹாம்ப்ஸ்டன் என்ற அமெரிக்கரின் அணி அன்று காலையே கடைகளில் பனிச்சறுக்குக்காரர்களின் கையுறைகளையும் கம்பளிகளையும் வாங்கி, உச்சிக்கு முன்பாகத் தங்கள் வீரர்களுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தது. அன்றைய நாளை வென்றவர் எரிக் பிரயூகின்க். ஆனால் ஹாம்ப்ஸ்டன் அன்று மொத்தப் பந்தயத்தில் முன்னிலையில் இருப்பவர் அணியும் தலைமைச் சட்டையைப் பிடித்து, பிறகு பந்தயத்தையே வென்றார். உலகத்தின் மிகச் சிறந்த கால்கள் அன்று அந்த மலையில் இருந்தன. இறங்குவதற்கான உலர்ந்த உடுப்பு யாரிடம் இருந்தது என்பது பலருடைய விதியை மாற்றியது.

இனி நீங்கள் கேட்ட ரெயின்கோட். கடையில் ‘வாட்டர்ப்ரூஃப், ப்ரீதபிள்’ என்று எழுதியிருக்கும். இதன் மூலம் 1969. பாப் கோர் என்பவர், நாம் தோசைக்கல்லில் டெஃப்லான் என்று அறிந்திருக்கும் அதே பொருளைச் சூடாக்கிச் சட்டென்று இழுத்துப் பார்த்தார். அது நுண்ணிய துளைகள் நிறைந்த மெல்லிய சவ்வாக விரிந்தது. மழைத்துளி நுழைய முடியாது, வியர்வையின் ஆவி வெளியேறலாம். கோர்-டெக்ஸ் பிறந்தது அப்படி. இன்று அதே வேலையைச் செய்யும் சவ்வுகள் பல பெயர்களில் வருகின்றன.

ஆனால் ஆவியைக் கோட்டே உறிஞ்சி வெளியே தள்ளுவதில்லை. உள்ளே ஈரப்பதம் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம்தான் அதைத் தள்ளுகிறது. ஸ்காட்லாந்தில் 5 டிகிரிக் குளிரில் அந்த வித்தியாசம் பெரிது, கோட்டு வேலை செய்யும். மேட்டுப்பாளையம் அடிவாரத்தில் 22 டிகிரி மழையில், காற்றே தண்ணீரில் ஊறிக் கிடக்கும்போது, வித்தியாசம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அங்கே கோட்டுக்குள் புழுங்கித்தான் போவீர்கள். ஆகவே கோத்தகிரி வரை மழை பெய்தாலும் கோட்டைப் போடாமல் ஏறுங்கள் என்பேன். வெதுவெதுப்பான மழையில் மிதித்துக்கொண்டே நனைவதால் கெடுதல் இல்லை. இடி மின்னல் என்றால் மட்டும் எங்காவது ஒதுங்கிக்கொள்ளுங்கள். கோட்டு உங்களுக்கு வேண்டியது மூன்று இடங்களில்: கோத்தகிரிக்கு மேல் கட்டபெட்டு, தொட்டபெட்டா பக்கம் காற்றில் ஏறும்போது, நின்று ஓய்வெடுக்கும்போது, பிறகு இறக்கத்தில்.

இறக்கத்துக்கு முக்கியமாக வேண்டும் என்பதால் ஆவி எவ்வளவு வெளியேறும் என்று லேபிளில் போட்டிருக்கும் எண்ணைவிட, கோட்டு உடம்பில் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். கடையிலேயே சைக்கிள் ஓட்டுவது போலக் குனிந்து கையை முன்னால் நீட்டிப் பார்க்க வேண்டும். மணிக்கட்டு வெளியே தெரியக் கூடாது, பின்பக்கம் இடுப்புக்குக் கீழே இறங்கி உட்கார வேண்டும். கழுத்து நன்றாக மூட வேண்டும், அக்குளில் ஜிப் இருந்தால் இன்னும் நல்லது. தையல்களின் உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். டேப் இல்லாத கோட்டில் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் வந்துவிடும். தண்ணீர் தாங்கும் அளவு 10,000 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால் உங்கள் இரண்டு நாளுக்குத் தாராளம். புதிய கோட்டின் வெளிப்பூச்சில் தண்ணீர் தாமரை இலைமேல் உருள்வது போல உருண்டோடும். அந்தப் பூச்சு தேய்ந்து வெளித்துணி ஊற ஆரம்பித்தால் ஆவி போகும் வழி அடைபடும், குளிரும் ஏறும். துணியை மிருதுவாக்கும் திரவம் சேர்க்காமல் துவைத்து, லேபிளில் அனுமதி இருந்தால் மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் பூச்சு ஓரளவு திரும்ப உயிர்பெறும்.

பான்ச்சோ, அதாவது தலைவழியாக மாட்டிப் போர்த்திக்கொள்ளும் மழைப் போர்வை, வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் காற்று பாய்மரம் போல அதைத் தூக்கும், நுனி செயினில் சிக்கும். நிறத்திலும் கறுப்பு வேண்டாம். மதியத்துக்கு மேல் மேகம் சாலையிலேயே உட்கார்ந்துவிடும், பத்து அடிக்கு அப்பால் லாரி டிரைவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். பளீர் மஞ்சளோ ஆரஞ்சோ எடுங்கள். கணுக்காலில் ஒளி திருப்பும் பட்டை கட்டுங்கள். மேலும் கீழும் ஆடுவதால் அது சைக்கிள் என்று உடனே தெரியும். பகலிலும் பின்விளக்கு எரியட்டும்.

கைதான் என் பெரிய கவலை, காரணம் மேலே சொல்லிவிட்டேன். அரை விரல் கையுறை ஏறுவதற்குச் சரி. இறங்குவதற்கு முழு விரல் கையுறை ஒன்றை ஜிப் கவரில் போட்டு உலர்வாகவே வைத்திருங்கள். மழையில் முழுதாக நனையாத கையுறை என்று நான் இன்னும் ஒன்றைப் பார்க்கவில்லை. நீர்மூழ்குபவர்கள் அணியும் நியோப்ரீன் வகை நனைந்தாலும் சூடு காக்கும், கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மெல்லிய கையுறைக்கு மேல் வீட்டில் பாத்திரம் கழுவப் போடும் ரப்பர் கையுறையை ஒரு சைஸ் பெரிதாக மாட்டிக்கொள்ளலாம். பார்க்க எப்படியிருந்தாலும் காற்றும் தண்ணீரும் உள்ளே வராது. போட்டுக்கொண்டு பிரேக்கை இழுத்துப் பழகிவிட்டு வாருங்கள். உங்களுடையது ரிம் பிரேக், அதாவது சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக், என்றால் ஈரத்தில் பிடிப்பதற்குள் சக்கரம் சில சுற்று சுற்றிவிடும். விரல் மரத்திருந்தால் அந்தச் சில சுற்று போதும், வளைவு கைவிட்டுப் போக.

காலுக்கு ஜீன்ஸும் பருத்தி டிராக் பேண்டும் ஆகாது. நனைந்தால் ஈயமாகக் கனக்கும், முட்டியை உரசும். பேட் வைத்த ஷார்ட்ஸ், உள்ளே ஜட்டி இல்லாமல். நனைந்த தையல் தொடையைப் புண்ணாக்கிவிடும் என்பதால் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொள்ளுங்கள். வெறுங்கால் மழையில் நனைந்தாலும் நிமிடத்தில் உலரும், நனைந்த பேண்ட் உலராது. ஆனால் முட்டியில் சதை குறைவு, குளிர் நேராக மூட்டுக்குப் போகும். கோத்தகிரிக்கு மேல் லெக் வார்மர் போடுங்கள். ஷூவுக்கு மேலுறை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் சாக்ஸுக்கு மேல் கெட்டியான கவர் ஒன்றைப் போட்டு ஷூவை மாட்டலாம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். ஆகவே திரும்பத் திரும்பப் பயன்படும் கெட்டியான கவராகக் கொண்டுபோய், ஒன்றுவிடாமல் திருப்பிக் கொண்டுவாருங்கள். தலைக்கு ஹெல்மெட்டுக்குள் முன்விளிம்பு உள்ள மெல்லிய தொப்பி போதும், கண்ணில் மழை அடிக்காது. மங்கி கேப் தடிமன், அதற்கு மேல் ஹெல்மெட் சரியாக உட்காராது. கழுத்தில் ஒரு பஃப், அதாவது குழாய் போன்ற மெல்லிய துணி.

இத்தனையும் சொல்லிவிட்டு, உடுப்பே அல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்: மட்கார்டு. மேலேயிருந்து விழும் மழை சுத்தமானது, கொஞ்சம்தான் விழும். சக்கரம் சாலையிலிருந்து அள்ளி முதுகிலும் ஷூவிலும் அடிக்கும் சேற்றுத் தண்ணீர் விடாமல் வந்துகொண்டே இருக்கும். இருநூறு ரூபாய் பிளாஸ்டிக் மட்கார்டு இரண்டு மாட்டினால், உங்கள் ஷார்ட்ஸும் பின்னால் வரும் நண்பரின் முகமும் தப்பிக்கும்.

நீங்கள் போகும் மாதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீலகிரியில் மழை என்பது ஒரே மழை இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர், அவலாஞ்சி, மேல்பவானி என்று மேற்குச் சரிவில் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அதே வாரங்களில் கோத்தகிரிப் பக்கம் வெறும் தூறலாக இருக்கலாம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின்போது கதை மாறும். குன்னூர், கோத்தகிரி என்ற கிழக்குச் சரிவுதான் வாங்கிக்கட்டிக்கொள்ளும். உங்கள் பாதை முழுக்க அந்தச் சரிவில்தான் இருக்கிறது. மண்சரிவால் குன்னூர் சாலை மூடப்படுவதும் அந்த மாதங்களில்தான் அதிகம். கிளம்பும் முன்பு சாலை நிலவரம் கேட்டுக்கொள்ளுங்கள், கனமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். எந்த உடுப்பும் மண்சரிவைத் தடுக்காது. ஜனவரியில் போகிறவர்களுக்கு இந்தப் பட்டியலே வேறு: மழை இருக்காது, ஆனால் விடியலில் தலைக்குந்தா பக்கம் உறைபனி படியும், மதியம் வெயில் சுடும். அவர்களுக்கு ரெயின்கோட்டைவிட நல்ல கையுறையும் விண்ட்சீட்டரும் முக்கியம்.

உங்கள் ஏழாயிரத்தை நானாக இருந்தால் இப்படிப் பிரிப்பேன். உள் பனியன் இரண்டு, ஆர்ம் வார்மர், லெக் வார்மர், மட்கார்டு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள். கையுறைக்கு ஆயிரம். மீதி மூவாயிரத்து ஐந்நூறில் தையல் டேப் ஒட்டிய, அளவு சரியான மழைக்கோட்டு. ஊட்டி திபெத்திய மார்க்கெட்டில் மாலையில் போட்டுக்கொள்ள ஒரு ஸ்வெட்டர் வாங்கினால் அது விடுதி அறைக்கு மட்டும், சைக்கிளுக்கு இல்லை.

போடும் நேரமும் உடுப்பைப் போலவே முக்கியம். குளிர்ந்த பிறகு போட்டால் உள்ளே சூடு இருக்காது, கோட்டு எதைக் காக்கும்? இறக்கம் தொடங்கும் முன்பே, உடம்பு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும்போதே நின்று, மேலே கோட்டும் கையுறையும் மாட்டுங்கள். நண்பர்களில் யாராவது விடாமல் நடுங்கினாலோ, பேச்சு குழறினாலோ, பொத்தானை மாட்ட முடியாமல் தடுமாறினாலோ, அங்கேயே நிறுத்தி, காற்றுக்கு ஒதுங்கி, ஈரத்தை மாற்றி, சர்க்கரை போட்ட சூடான டீ கொடுங்கள். நடுக்கம் நின்றும் ஆள் மந்தமாக இருந்தால் அது தேறியதன் அறிகுறி இல்லை, உடனே வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குளிருக்கு பிராந்தி என்று சிலர் சொல்வார்கள். அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியே விட்டுவிடும். தொடவே வேண்டாம்.

ஊட்டியில் அன்று இரவு துணி உலராது. நவம்பரில் கொடியில் போட்டால் காலையில் இன்னும் குளிர்ந்த ஈரத்தோடுதான் எடுப்பீர்கள். அலசிப் பிழிந்து, உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, அதன்மேல் ஏறி மிதியுங்கள். துண்டு பாதித் தண்ணீரை எடுத்துவிடும், பிறகு ஃபேனுக்கு அடியில் போடுங்கள், விடுதியில் ஃபேன் இருந்தால். ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து, படுக்கும் முன் ஒருமுறை மாற்றுங்கள். இரண்டாவது பனியனையும் ஒரு ஜோடி சாக்ஸையும் முதல் நாள் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கவரிலிருந்து எடுக்காதீர்கள். அவை மறுநாள் காலை குன்னூர் இறக்கத்துக்கு.